கடலில் ஒரு பள்ளிக்கூடம்: 'ஜான் டார்க்' கப்பலின் கதை

பாரிசின் ரிவோலி வீதியோரம், லூவ்ர் அரும்பொருட்சாலைக்கு அண்மையில், குதிரைமீது கொடியேந்தி அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் பொன்னிறச் சிலை உண்டு. 'இது ஆர்?' என்று எமது பிள்ளைகள் கேட்பது வழக்கம். தன் நாட்டை அந்நியரிடமிருந்து மீட்கப் போராடி, 1431 இல் றுவான் நகரில் எரித்துக் கொல்லப்பட்ட ஜான் டார்க் என்ற இளம்பெண்தான் அவர். இந்தப் பெயரைப் பிரெஞ்சுக் கடற்படை, தனது இளம் அதிகாரிகள் பயிலும் கப்பலுக்குச் சூட்டியது. அந்தக் கப்பலின் வரலாற்றை இவ்விதழில் அறிந்து கொள்வோம்.

பிரெஞ்சுக் கடற்படைப் பள்ளியில் படிப்பை முடித்தவர்கள் உடனே அதிகாரிகளாகிவிட முடியாது. பல மாதங்கள் கடலில் பயணம் செய்து, பல நாட்டுத் துறைமுகங்களைக் கண்டு, தொழிலைக் கையால் பழக வேண்டும். 1899 இல் நீரில் இறக்கப்பட்ட 'ஜான் டார்க்' என்ற போர்க்கப்பல் 1912 முதல் இப்பணியைச் செய்தது. முதலாம் உலகப் போரில் தடைப்பட்ட அப்பயணங்கள் 1919 இல் மீண்டும் தொடங்கி 1928 வரை நடந்தன. அதன் இடத்துக்கு வந்த 'எட்கார் கினே' என்ற கப்பல், 1930 ஜனவரி 4 ஆம் நாள் அல்ஜீரியக் கரையோரம், வரைபடத்தில் இல்லாத பாறையில் மோதிச் சில நாட்களில் மூழ்கியது.

அடுத்த மாதமே, பெப்ரவரி 14 இல், சென் நசேர் துறைமுகத்தில் புதிய 'ஜான் டார்க்' நீரில் இறக்கப்பட்டது. பயிற்சிக்கென்றே திட்டமிட்டுக் கட்டிய கப்பல் இது. எட்டுப் பீரங்கிகளோடு, 150 க்கும் மேற்பட்ட பயிலுனர்களுக்குத் தங்குமிடமும் இருந்தது. ஆழ்கடல் ஆய்வாளராகப் பின்னர் உலகப் புகழ் பெற்ற ஜாக் கூஸ்தோவும் இதில் பயின்றவரே.

1940 இல் நாசிப் படைகள் பிரான்சுக்குள் புகுந்தன. அவ்வேளை பிரெஞ்சு வங்கியின் தங்கத்தைக் கனடாவின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்துக்குக் கொண்டு சென்ற கப்பல்களுடன் 'ஜான் டார்க்'கும் சென்றது. கப்பல் கடலில் இருக்கையிலேயே ஊரில் அரசு வீழ்ந்தது. கரிபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவில் போய் ஒதுங்கியது கப்பல். அத்தீவுகளை ஆண்ட தளபதி ரொபேர், நாசிகளுக்குப் பணிந்த விஷி அரசின் பக்கம் நின்றார். அமெரிக்காவும் பிரித்தானியாவும் அவர்மேல் ஐயம் கொண்டன. கப்பல் நகர வழியில்லை. 1942 இல் அமெரிக்காவின் அழுத்தத்தால் போரிட முடியாதபடியும் செய்யப்பட்டது.

வீட்டுக்கும் போக முடியாமல், முன்னேறவும் முடியாமல் மூன்று ஆண்டுகள்! அந்தக் காத்திருப்பு எப்படிப்பட்டது என்று எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

1943 ஜூலையில் அத்தீவுகள் நேச நாடுகளின் பக்கம் சேர்ந்தன. 'ஜான் டார்க்' மீண்டும் புறப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் கோர்சிகா தீவை மீட்கச் சென்ற படையினரை ஏற்றிச் சென்றது. 1944 ஆகஸ்ட் முடிவில், அல்ஜியர்சில் இயங்கிய தற்காலிக அரசின் உறுப்பினர்களைப் பிரான்சின் ஷேர்பூர் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. நாட்டின் தங்கம் வெளியேறிய பயணத்தில் சென்ற கப்பல், நாட்டின் அரசோடு திரும்பி வந்தது.

போர் முடிந்தபின் பள்ளிக்கூடம் மீண்டும் திறந்தது. 1964 வரை ஆண்டுதோறும் புதிய பயிலுனர்கள் வந்தார்கள். பழைய கப்பல் ஓய்வு பெற்றபோது, 'லா ரெசொலூ' என்ற பெயரோடு 1961 இல் நீரில் இறக்கப்பட்டிருந்த உலங்குவானூர்திக் கப்பலுக்கு 'ஜான் டார்க்' என்ற பெயர் மாற்றப்பட்டது. அது 2010 வரை பணிபுரிந்தது. 2004 டிசெம்பர் 26 இல் எமது கரைகளையும் அழித்த ஆழிப்பேரலையின் பின், 2005 ஜனவரியில் அக்கப்பல் இந்தோனேசியாவின் சுமாத்திராக் கரைக்கு உதவிப் பொருட்களோடு சென்றது. பாதிக்கப்பட்ட மக்களுக்கு உதவுவதே அந்த ஆண்டின் பயிலுனர்களுக்குப் பாடமாயிற்று.

அக்கப்பலும் பின்னர் உடைக்கப்பட்டுவிட்டது. ஆனால் இளம் அதிகாரிகளின் கடற்பயணம் வேறு கப்பல்களில், 'ஜான் டார்க்' என்ற அதே பெயரில் இன்றும் நடக்கிறது.

ஊரில் கட்டடத்தை இழந்த எமது பாடசாலைகள், இடம்பெயர்ந்த இடத்தில் மர நிழலிலும் கொட்டிலிலும் அதே பெயரோடு நடந்ததைக் கண்டவர்கள் நாம். வார இறுதியில் வாடகை மண்டபமொன்றில் பிள்ளைகளுக்கு 'அ' எழுதப் பழக்கும்போது அதனையே நாமும் தொடர்கிறோம். கப்பல் போனாலும் பள்ளிக்கூடம் போகாது. படிப்பிக்க ஆளும் படிக்கப் பிள்ளையும் இருந்தால் போதும்.