குடிபெயர்வு அனுமதியும் விசிட் விசாவும்

குடிபெயர்வது என்றால் வேறொரு நாட்டில் போய் நிலையாகத் தங்கிவிடுவது என்பதே பொதுவான எண்ணம். இந்தியாவின் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்புவதே அதற்குக் குடிபெயர்வு. இரண்டு வருட ஒப்பந்தத்தில் குவைத்துக்கு டிரைவராகப் போகிறவரும் அதில் அடக்கம்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் இ.சி.ஆர். வகையை, அதாவது ‘குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை’ என்ற வகையைச் சேர்ந்தது. அதை வைத்திருப்பவர் சவுதி அரேபியா, கத்தார், ஓமன், ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா போன்ற குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரியின் அனுமதி பெற வேண்டும். விண்ணப்பிப்பது இ-மைக்ரேட் இணையதளத்தில். சென்னையில் அவரது அலுவலகமும் உண்டு. பயணத்துக்கு வைக்கப்பட்ட முட்டுக்கட்டையாகவே பலரும் இதை நினைக்கிறார்கள். ஆனால் முதலாளி யார், சம்பளம் எவ்வளவு, என்ன வேலை என்பதெல்லாம் அரசுப் பதிவில் ஏறுவது இங்கேதான். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் இதோடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு பிரீமியம் 275 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

“விசிட் விசாவில் இறங்கு, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்” என்று ஏஜென்ட் சொல்வதைக் கேட்டால் இத்தனையும் கைநழுவும். சுற்றிப்பார்க்க வந்தவருக்கு ஏது வேலை ஒப்பந்தம்? சம்பளப் பாக்கியைக் கேட்டுப் புகார் கொடுக்கப் போனால், அனுமதியின்றி வேலை பார்த்த குற்றம் அவர் மேலேயே திரும்பலாம். இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண்களுக்கு 30 வயது நிரம்பாமல் அனுமதி கிடையாது. வீட்டு வேலைக்கென்று இந்தக் குறுக்கு வழியில் அனுப்பப்படும் ஆபத்து அவர்களுக்கு அதிகம்.

பதிவு பெற்ற ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். அவர் பதிவு பெற்றவர்தானா என்பதை இ-மைக்ரேட்டிலேயே சரிபார்க்கலாம். பதிவில்லாமல் ஆள் அனுப்பினால் 1983 சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். லட்சக்கணக்கில் வசூலிப்பவருக்கு அந்த அபராதம் டீச்செலவு. ஆகவே போலீஸ் புகாரில் மோசடியையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. பணத்தை வங்கி வழியே கொடுத்திருந்தால் வழக்குக்கு அது வலு.

போன இடத்தில் முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது பரவலான பழக்கம். ஆனால் 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. சம்பளம் தராவிட்டாலும், காட்டிய ஒப்பந்தத்தை மாற்றி வேறொன்றில் கையெழுத்துக் கேட்டாலும் இந்தியத் தூதரகத்தில் முறையிடலாம்; வெளியுறவு அமைச்சகத்தின் மதாத் இணையதளத்தில் ஊரிலிருக்கும் குடும்பத்தாரும் புகார் பதியலாம். கையில் காசில்லாமல் சிக்கிக்கொண்டவருக்குத் தங்குமிடமும் திரும்ப டிக்கெட்டும் தர, தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. கிளம்பும் முன்பே சந்தேகம் கேட்க, இந்தியாவுக்குள் கட்டணமில்லாத எண் 1800 11 3090.