"பக்கம் காணப்படவில்லை" என்றால் என்ன செய்யலாம்?

மீள்குடியேற்றப் படிவம், காணி அறிவித்தல், பயிர்க் காப்புறுதி விபரம் ஆகியவற்றை இன்று பலர் கைத்தொலைபேசியிலேயே தேடுகின்றனர். யாரோ அனுப்பிய முகவரியை அழுத்தியதும் "404" என்ற இலக்கமும் "பக்கம் காணப்படவில்லை" என்ற வசனமும் தோன்றுகின்றன. "எங்களுக்கு இல்லைப் போல" என்று சிலர் அத்துடன் விட்டுவிடுகின்றனர். அப்படி விட்டுவிடுவதால் விண்ணப்பத்தின் முடிவுத் திகதியே தவறிப்போகலாம்.

404 என்பதன் பொருள்

இணையப் பக்கங்களை வைத்திருந்து, கேட்போருக்கு அனுப்பும் கணினியை வழங்கி என்பர். உங்கள் கேள்வி வழங்கியைச் சென்றடைந்தது, அதுவும் பதில் தந்தது, ஆனால் கேட்ட பக்கம் அந்த முகவரியில் இல்லை என்பதே 404. ஆகவே பழுது உங்கள் தொலைபேசியில் இல்லை. பழைய விலாசத்துக்குக் கடிதம் வருகிறது. வீட்டில் ஆள் இல்லை. அதனால் ஆளே இல்லை என்றாகிவிடுமா? இடம்பெயர்ந்தவர்களுக்கு இது நன்கு விளங்கும்.

பக்கங்கள் ஏன் இடம் மாறுகின்றன?

திணைக்களங்கள் இணையத்தளத்தைப் புதுப்பிக்கும்போதும், அமைச்சுகளின் பெயர் மாறும்போதும் முகவரிகள் மாறலாம். 2010இல் மீள்குடியேற்றத்துக்குத் தனி அமைச்சு இருந்தது. 2015இன் பின் அவ்விடயம் சிறைச்சாலைகள் மறுசீரமைப்பு, புனர்வாழ்வு, இந்துமத அலுவல்கள் என்பவற்றோடு ஒரே அமைச்சில் சேர்ந்தது. இது எமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2013இல் இருந்த பக்கங்களுள் 38 வீதமானவை பத்தாண்டுகளின் பின் கிடைக்கவில்லை என அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் அறிவித்தது.

செய்ய வேண்டியவை

1. முகவரியைச் சரிபாருங்கள். இறுதியில் முற்றுப்புள்ளியோ காற்புள்ளியோ ஒட்டியிருந்தால் நீக்குங்கள். ஆங்கில "ஓ" எழுத்தும் பூச்சியமும் மாறியுள்ளனவா எனப் பாருங்கள்.

2. முகவரியை வலப்பக்கத்திலிருந்து, ஒவ்வொரு சாய்கோடு வரையும் அழித்துப் பாருங்கள். இறுதியில் அத்தளத்தின் முகப்புப் பக்கம் வரும். அங்கே "படிவங்கள்", "அறிவித்தல்கள்" என்ற பகுதிகளைத் தேடுங்கள்.

3. படிவத்தின் பெயரையும் திணைக்களத்தின் பெயரையும் கூகிளில் இட்டுத் தேடுங்கள். வர்த்தமானி அறிவித்தலாயின் அதன் இலக்கமும் திகதியும் போதும்; முகவரி மாறினாலும் அவை மாறுவதில்லை.

4. பழைய பிரதியைத் தேடுங்கள். அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற நிறுவனம் உலகின் இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கிறது. அதன் வேபக் மெஷின் என்ற பகுதி 2001 முதல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துள்ளது. அதிலே பழைய முகவரியை இட்டால், பிரதி எடுத்த நாட்கள் நாட்காட்டியில் தெரியும். எல்லாப் பக்கங்களும் அதில் இருப்பதில்லை. கிடைப்பதும் அன்றைய நிலையே. கட்டணமும் முடிவுத் திகதியும் பின்னர் மாறியிருக்கலாம்.

5. அலுவலகத்திலேயே கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி, அரச அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எந்தப் பிரசையும் தகவல் கோரலாம். எழுத இயலாதவர் வாயால் கேட்டால், அதை எழுதிக்கொள்வது அவ்வலுவலரின் கடமை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

கைவிடப்பட்ட முகவரியை வேறொருவர் வாங்கிப் போலித் தளம் அமைக்கவும் கூடும். எமது அரச தளங்களின் பெயர் பெரும்பாலும் "டொட் கவ் டொட் எல்கே" என முடியும். அப்படி இல்லாவிடில், விசாரித்து அறியும் வரை அடையாள அட்டை இலக்கத்தையோ வங்கிக் கணக்கு இலக்கத்தையோ பதியாதீர்கள்.

இனிமேல்

பயனுள்ள பக்கமொன்றைக் கண்டால் அதை உடனே தொலைபேசியில் படமாகச் சேமியுங்கள். தலைப்பு, திணைக்களம், முகவரி, பார்த்த திகதி ஆகிய நான்கையும் கொப்பியில் எழுதுங்கள். படிவமாயின் ஒரு பிரதி அச்செடுத்து, குடும்ப அட்டையும் காணி உறுதியும் இருக்கும் பையிலேயே வையுங்கள். அயலவர் ஒருவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். உங்களுடையது தொலைந்தாலும் அங்கே ஒன்று இருக்கும்.