உயர்கல்வி நிறுவனங்களும் அளவுகோல்களும்

அளவையை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நால்வகையாகப் பகுத்துரைப்பது தமிழிலக்கண மரபு. நெல்லை முகந்தும், பொன்னை எடுத்தும், துணியை நீட்டியும் அளப்பர். அளக்கப்படும் பொருளே அளவையின் வகையை முடிவு செய்கின்றது. அங்ஙனமாயின், உயர்கல்வி நிறுவனம் என்னும் பொருளை எக்கோலால் அளப்பது? சேர்க்கைக் காலத்தில், "உங்கள் கல்லூரி எத்தனையாவது இடம்?" எனப் பெற்றோர் வினவுவது இன்று வழக்காகிவிட்டது. ஆகவே இவ்வினா ஆட்சிக்குழுவினர்க்கு மட்டும் உரியதன்று.

வகைப்படுத்தல் வேறு, தரவரிசை வேறு என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். அமெரிக்காவில் கார்னகி ஆணையம் 1970-இல் ஒரு பகுப்பை உருவாக்கி 1973-இல் வெளியிட்டது. முனைவர் பட்டம் வழங்குவன, முதுகலை நிலையின, இளங்கலைக் கல்லூரிகள், ஈராண்டுக் கல்லூரிகள் என ஒத்தவற்றை ஒருங்கு வைத்து ஆராய்வதே அதன் நோக்கம். உயர்வு தாழ்வு கூறுவதன்று. ஆயினும் 'ஆராய்ச்சி ஒன்று', 'ஆராய்ச்சி இரண்டு' என்னும் பெயர்களை உலகம் படிக்கட்டுகளாகவே கொண்டது. 2000-இல் அப்பெயர்களை நீக்கியும் பார்த்தனர். எண்கள் பின்னர் வேறு வடிவில் திரும்பி வந்தன. பெயரிடுவதிலும் எச்சரிக்கை தேவை போலும்!

2003-இல் தொடங்கிய ஷாங்காய் தரவரிசை, முன்னாள் மாணவரும் ஆசிரியரும் பெற்ற நோபல் பரிசுக்கும் ஃபீல்ட்ஸ் பதக்கத்திற்கும் நூற்றுக்கு முப்பது பங்கு அளிக்கின்றது. இளங்கலை கற்பிக்கும் கல்லூரிக்கு அக்கோல் எட்டாதது மட்டுமன்று, பொருந்தாததுமாம்.

நம் நாட்டில் தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு 2015-இல் அறிவிக்கப்பட்டு, 2016-இல் முதற்பட்டியல் வெளிவந்தது. கற்பித்தலும் வளமும், ஆராய்ச்சி, பட்டப்படிப்பின் விளைவு, பிறரை உள்ளடக்கும் தன்மை, பொதுக்கருத்து என்னும் ஐந்து தலைப்புகளில் அது மதிப்பிடுகின்றது. பல்கலைக்கழகத்திற்குக் கற்பித்தலின் பங்கு 30 விழுக்காடு, கல்லூரிக்கு 40. வகைப்படுத்திய பின்னரே வரிசைப்படுத்தும் இம்முறை பாராட்டத்தக்கது. ஊதியத்தைக் கணக்கிடுகையில் சராசரியை விடுத்து இடைநிலை ஊதியத்தைக் கொண்டமையும் நன்றே. ஒரு மாணவர் பெறும் பெருஞ்சம்பளம் ஏனையோரின் நிலையை மறைத்துவிடாது.

இடர் எங்கே எனின், உரிய காலத்திற்குள் தேர்ச்சி பெற்றோர் விழுக்காடு என்னும் சுட்டியை நோக்குக. பார்வைக்கு இது நேரிய அளவை. எம் மாணவி ஒருவர் இரண்டாமாண்டில் மணமாகிச் சென்று, குழந்தையுடன் திரும்பி வந்து, நிலுவைத் தாள்களை எழுதிப் பட்டம் பெற்றார். குடும்பத்தின் முதற்பட்டதாரி அவர். இச்சுட்டியின் கணக்கில் அவர் எம் குறை. எம் கணக்கில் அவ்வாண்டின் பெரும்பேறு. தொண்ணூறு விழுக்காடு மதிப்பெண் பெற்றோரையே சேர்த்துக்கொண்டு அவர்களைத் தேர்ச்சியுறச் செய்யும் கல்லூரியையும், நாற்பது விழுக்காட்டினரைச் சேர்த்துக் கரையேற்றும் கல்லூரியையும் இறுதித் தேர்ச்சி ஒன்றால் ஒப்பிடுதல் எங்ஙனம் முறையாகும்? நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் இடைப்பட்ட வளர்ச்சியன்றோ கல்லூரியின் உழைப்பு!

தமிழ்த்துறையினர்க்கு மற்றுமொரு குறையுண்டு. ஆராய்ச்சி வெளியீடுகள் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய தரவுத்தளங்களைக் கொண்டே எண்ணப்படுகின்றன. அவற்றுள் ஆங்கில ஆய்விதழ்களே மிகுதி. தமிழ் ஆய்விதழ்கள் அரிது. சுவடியைப் பதிப்பிக்கப் பல்லாண்டு உழைத்தவர் அக்கணக்கில் ஏதும் எழுதாதவராகவே நிற்பார். எண்ணற்கு எளியதே எண்ணப்படுகின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நிறுவனம் தானே தரும் தரவை யார் சரிபார்ப்பது என்பதும் சிறு வினாவன்று. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் தந்த புள்ளிகளில் பிழையுண்டு என 2022-இல் அங்குள்ள கணிதப் பேராசிரியரே எடுத்துக்காட்டினார். பல்கலைக்கழகமும் பின்னர்த் தவற்றை ஒப்புக்கொண்டது. அவ்வாண்டே அது ஒரு புகழ்பெற்ற பட்டியலில் 2-ஆம் இடத்திலிருந்து 18-ஆம் இடத்திற்கு இறங்கிற்று.

பிறர் கோலை மாற்றுதல் நம் கையில் இல்லை. நமக்கென ஒரு கோலை வைத்துக்கொள்ளலாம். சேரும்போது பெற்றிருந்த மதிப்பெண், முதற்பட்டதாரியா என்னும் குறிப்பு, இடைநின்றவர் திரும்பினாரா என்பது, ஐந்தாண்டு கழித்துள்ள நிலை ஆகிய நான்கையும் துறைதோறும் ஒரு பதிவேட்டில் எழுதிவரலாம். முதலிரண்டும் சேர்க்கை விண்ணப்பங்களில் ஏற்கெனவே உள்ளன. மூன்றாவதை வருகைப் பதிவேடு காட்டும். நான்காவதற்கு மட்டுமே பழைய மாணவர்களுக்கு மடல் எழுத வேண்டியிருக்கும்.