சாவி உங்கள் கையில் – 7: அப்டேட்டுக்கு முன்னால் ஒரு சோதனை

ஹார்டுவேர் வாலட் வாங்கியவர்களில் ஒரு சாரார் அதை அலமாரியில் வைத்துப் பூட்டியதோடு சரி, ஆண்டுக்கணக்கில் அதன் பக்கமே போவதில்லை. இன்னொரு சாரார், ‘புதிய ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் உள் மென்பொருள்) வந்திருக்கிறது’ என்ற அறிவிப்பைக் கண்ட மாத்திரத்தில் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். இரு தரப்பையும் ஆட்டுவிப்பது பணம் போய்விடுமோ என்ற ஒரே பயம்தான். இரண்டுமே தவறான வழி என்பது என் கருத்து. தன் மீட்புச் சொற்கள் பிழையில்லாமல் இருக்கின்றன என்று சோதித்துப் பார்த்தவருக்கு அப்டேட் என்பது சில நிமிட வேலை. சோதிக்காதவருக்கு அது சூதாட்டம். எந்தக் கம்பெனியின் கருவி, எந்தப் பதிப்பு என்பதெல்லாம் இதற்கு அடுத்த கேள்விகள்.

நாணயம் கருவிக்குள் இல்லை, பிளாக்செயினில் இருக்கிறது என்பதை முதல் வாரமே பார்த்தோம். கருவிக்குள் இருப்பது அந்த நாணயத்தைச் செலவழிக்கும் ரகசியச் சாவி. முதன்முதலில் கருவியை இயக்கும்போது காகிதத்தில் எழுதிக்கொள்ளச் சொல்கிறதே, மீட்புச் சொற்கள் எனப்படும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள், அவற்றிலிருந்து அந்தச் சாவியை எப்போது வேண்டுமானாலும் மறுபடி உருவாக்கலாம். ஆகவே அப்டேட் பாதியில் நின்று கருவி முற்றிலும் வெறுமையாகிப் போனாலும், காகிதம் சரியாக இருந்தால் இழப்பு ஒன்றுமில்லை. காகிதம் சரியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்தச் சொற்கள் 2013-இல் முன்மொழியப்பட்ட பிஐபி39 என்ற தரத்தின்படி, 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து வருகின்றன. கடைசிச் சொல்லில் ஒரு சரிபார்ப்புக் கணக்கும் ஒளிந்திருக்கிறது. பட்டியலில் உள்ள ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றை மாற்றி எழுதிவிட்டால், 24 சொல் முறையில் அந்தப் பிழை பிடிபடாமல் நழுவ 256-இல் ஒரு வாய்ப்புதான். 12 சொல் முறையில் 16-இல் ஒரு வாய்ப்பு. ஆனால் இந்தக் கணக்கு உதவுவது சொற்களைக் கருவியில் உள்ளிட்டுப் பார்க்கும்போது மட்டுமே. அலமாரியில் கிடக்கும் காகிதத்தின் பிழையை அது சொல்லாது. இதற்காகவே லெட்ஜர் நிறுவனத்தின் கருவியில் மீட்புச் சோதனைக்கென்று ஒரு செயலி இருக்கிறது. ட்ரெசர் நிறுவனத்தின் கருவியில் சாவியைத் தொடாமல் காகிதத்தை மட்டும் ஒத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. சொற்களைக் கருவியிலேயே உள்ளிட வேண்டும். ட்ரெசர் ஒன் என்ற பழைய மாடல் மட்டும் வரிசையைக் கலைத்துக் கணினியில் கேட்கும். அதிலும், எழுத்துகளின் இடத்தைக் கருவித் திரையில் காட்டும் மாற்று முறை உண்டு, அதைத் தேர்ந்துகொள்ளலாம்.

‘நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொட வேண்டும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கான விடை 2022 ஜனவரியில் வெளியானது. பின் எண்ணை மறந்துபோன ஒருவரின் ட்ரெசர் ஒன் கருவியை ஜோ கிராண்ட் என்ற அமெரிக்க வன்பொருள் நிபுணர் திறந்துகாட்டினார். உள்ளே இருந்த தீட்டா டோக்கன்களின் மதிப்பு ஏறத்தாழ 20 லட்சம் டாலர். கருவியில் இருந்த பழைய ஃபர்ம்வேர், சாவியையும் பின் எண்ணையும் தற்காலிக நினைவகத்தில் நகலெடுத்து வைக்கும் இயல்புடையது. மின்னழுத்தத்தை நொடியின் நுண்ணிய பகுதிக்குக் குலைத்து அந்த நகலை அவர் படித்துவிட்டார். உரிமையாளர் கேட்டுச் செய்த வேலை என்பதால் அது நல்ல முடிவு. அதே கருவி திருடன் கையில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிந்தைய பதிப்புகளில் அந்த ஓட்டை அடைபட்டுவிட்டது. அடைபடாமல் இருந்தது அப்டேட் செய்யப்படாத கருவிகளில்தான். லெட்ஜருக்கும் இதுபோல் ஒரு வரலாறு உண்டு. சலீம் ரஷீத் என்ற 15 வயதுச் சிறுவன் நானோ எஸ் கருவியில் கண்டுபிடித்த குறையை, 2018 மார்ச்சில் வந்த 1.4.1 பதிப்பில்தான் அந்த நிறுவனம் சரிசெய்தது.

அப்டேட் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2020 ஜனவரியில் கிராக்கன் என்ற கிரிப்டோ பரிவர்த்தனைத் தளத்தின் பாதுகாப்புக் குழு, ட்ரெசர் கருவி கையில் கிடைத்தால் சுமார் 15 நிமிடத்தில் சாவியை எடுக்கலாம் என்று காட்டியது. குறை சிப்பிலேயே இருந்ததால் மென்பொருளால் அதை முழுமையாகச் சரிசெய்ய வழியில்லை. மீட்புச் சொற்களோடு தனியாக ஒரு கடவுச்சொற்றொடரையும் சேர்த்துக்கொள்வதே அதற்குத் தடுப்பு.

இதுவரை சொன்ன தாக்குதல்களுக்கெல்லாம் திருடன் கருவியைக் கையில் எடுத்தாக வேண்டும். பணத்தைப் பெருவாரியாகப் பறிகொடுத்தவர்களின் கதை வேறு. அவர்கள் அப்டேட்டைத் தள்ளிப்போட்டதால் ஏமாறவில்லை, அப்டேட் என்ற பெயரில் வந்ததை நம்பி ஏமாந்தார்கள். 2018 டிசம்பரில் எலெக்ட்ரம் என்ற கணினி வாலட்டைப் பயன்படுத்தியவர்களுக்கு, பணம் அனுப்பும் வேளையில் திரையிலேயே ‘புதிய பதிப்பை நிறுவுங்கள்’ என்று செய்தி வந்தது. அனுப்பியவை தீயவர்கள் நடத்திய சர்வர்கள். சில நாட்களிலேயே 200-க்கும் மேற்பட்ட பிட்காயின்கள் போயின. 2020-இல் லெட்ஜரின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்து, சுமார் 2,72,000 பேரின் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் இணையத்தில் கொட்டப்பட்டன. அடுத்த ஆண்டு சிலருடைய வீட்டுக்குத் தபாலில் போலி லெட்ஜர் கருவியே வந்து சேர்ந்தது, ‘பாதுகாப்புக்காகப் புதிய கருவி’ என்ற கடிதத்தோடு. 2022 ஏப்ரலில் ட்ரெசர் பயனர்களின் மின்னஞ்சலுக்குப் போலிச் செயலியின் இணைப்பு வந்தது. 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே லெட்ஜரின் ‘லெட்ஜர் லைவ்’ செயலியின் போலி இடம்பிடித்து, 5 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டியது. இவற்றுள் பெரும்பாலானவை கடைசியில் கேட்டது அந்த மீட்புச் சொற்களைத்தான். உண்மையான ஃபர்ம்வேர் அப்டேட்டை முடிக்க எந்த இணையப் பக்கத்திலும் அந்தச் சொற்களைத் தட்டச்சு செய்யத் தேவையே இல்லை. அறிவிப்பு எங்கிருந்து வந்தாலும் அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள். ஏற்கெனவே நிறுவியிருக்கும் செயலியை நீங்களாகத் திறந்து, அங்கே அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடினமான ஆட்சேபம் இனிமேல்தான் வருகிறது. ‘தயாரித்த நிறுவனமே நாளை அப்டேட் வழியாகச் சாவியை எடுத்துக்கொண்டால்?’ 2023 மே மாதம் லெட்ஜர், ரெகவர் என்ற கட்டணச் சேவையை அறிவித்தது. பயனர் ஒப்புக்கொண்டால் சாவி மூன்று துண்டுகளாக மறைகுறியாக்கப்பட்டு மூன்று நிறுவனங்களிடம் போகும். சாவி கருவியை விட்டு வெளியே வரவே முடியாது என்று நம்பியிருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். கோபம் நியாயமானது, அந்த நம்பிக்கையை வளர்த்ததில் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் பயந்து பழைய பதிப்பிலேயே தங்கிவிடுவது அதற்குப் பரிகாரம் ஆகாது. சாவியைக் கையாளும் ஃபர்ம்வேரை எழுதியவரை நம்பித்தான் கருவியை முதல் நாளே பயன்படுத்தத் தொடங்கினோம், பழைய பதிப்பும் அவர் எழுதியதுதான். கெட்ட ஃபர்ம்வேர் என்ன செய்யும் என்பதற்கு 2024 ஆகஸ்டில் வெளியான டார்க் ஸ்கிப்பி ஆய்வு சாட்சி. கருவி பரிவர்த்தனைக்கு இடும் இரண்டே கையெழுத்துகளுக்குள் சாவி முழுவதையும் மறைத்துக் கடத்திவிடலாம் என்று அது காட்டியது. எனவே தேவைப்படுவது சரிபார்ப்பு. ட்ரெசர் போன்றவற்றின் மூலநிரல் திறந்தது, வெளியாட்கள் அதைத் தாங்களே தொகுத்து, நிறுவனம் வெளியிட்ட கோப்போடு ஒப்பிட முடியும். அவசரப் பாதுகாப்புத் திருத்தம் என்று நிறுவனம் அறிவிக்காத அப்டேட்டுக்கு இரண்டொரு வாரம் பொறுத்திருந்தால் அத்தகைய கண்கள் அதைப் பார்த்திருக்கும். பெருந்தொகை வைத்திருப்பவர்கள் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளைச் சேர்த்து, ஒன்றுக்கு மேற்பட்டவை ஒப்புதல் தந்தால்தான் பணம் நகரும் பல கையெழுத்து முறைக்கு மாறினால், ஒரு நிறுவனம் தவறினாலும் பணம் நகராது.

கருவியே போலியாக இருந்தால் இந்தச் சரிபார்ப்பு எதுவும் உதவாது. 2023-இல் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்த ஒரு போலி ட்ரெசரில், கருவியைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரின் பதிப்பு எண் 2.0.4 என்று காட்டியது. அப்படியொரு பதிப்பை நிறுவனம் வெளியிட்டதே இல்லை. அந்தக் கருவி தரும் மீட்புச் சொற்களோ திருடன் முன்கூட்டியே வைத்திருந்த 20 தொகுப்புகளில் ஒன்று. அதன் உரிமையாளர் சுமார் 1.33 பிட்காயினை இழந்தார். பதிப்பு எண்ணை நிறுவனத்தின் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பதும், கருவி உண்மையானதா என்று அதிகாரபூர்வச் செயலி செய்யும் சோதனையைத் தவிர்க்காமல் முடிப்பதும் இதனால்தான் அவசியம்.

மற்றவை சிறு விஷயங்கள். கேபிள் தளர்வாக இருக்கக் கூடாது, லேப்டாப்பில் சார்ஜ் இருக்க வேண்டும். லெட்ஜரில் அப்டேட்டுக்காகச் செயலிகள் நீக்கப்பட்டால் பதற வேண்டாம், நாணயம் எங்கும் போகாது, செயலியை மறுபடி நிறுவினால் இருப்பு தெரியும். கணினித் திரை காட்டும் அடையாளக் குறியீட்டைக் கருவித் திரையில் தெரிவதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகே உறுதி செய்யுங்கள்.

ஆகவே இந்த வாரம் யாரும் அப்டேட் செய்ய வேண்டாம். காகிதத்தை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, கருவியின் மீட்புச் சோதனையை ஒரு முறை முடியுங்கள். சொற்கள் ஒத்துவரவில்லை என்றால், கருவி இன்னும் வேலை செய்யும்போதே புதிய சொற்களோடு வேறொரு வாலட்டை உருவாக்கி, நாணயத்தை அதற்கு மாற்றிவிடுங்கள். ஒத்துவந்தால், அடுத்த வாரம் தைரியமாக அப்டேட் செய்யலாம்.

(தொடரும்)