திண்டிவனத்தில் ஓர் இரவு

நோயுற்ற தாயாரைப் பேணும் பொருட்டு வந்தவர், பாதிரிமார் குடும்பத்து வாழ்வு தமக்கு வேண்டாம் என்ற தீர்மானத்தோடு சீக்கிரமே அமெரிக்கா திரும்ப இருந்தவர், வைத்தியம் பயிலாத இளம்பெண்; அந்த ஐடா ஸ்கடரின் வாசலுக்கு 1890-களில் ஓர் இரவு, திண்டிவனத்தில், ஒருவர்பின் ஒருவராக மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் தவிக்கும் தம் மனைவியைக் காக்க வேண்டுமென்று மன்றாடினார்கள். வைத்தியரான தம் தந்தையை அவர் காட்டினார்; அந்நிய ஆடவர் தொட ஆசாரம் இடந்தரவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டார்கள்.

பேறுகால வைத்தியத்தில் ஓர் அட்சரமும் அந்த இரவு அவருக்குக் கற்பிக்கவில்லை. ஆயினும் அவர் கார்னெல் கல்லூரியில் படித்து 1899-இல் டாக்டராகி, மறு ஆண்டே வேலூரில் சிகிச்சை தொடங்கி, 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியும் நிறுவியதற்கு மூலம் அதுவே.

கல்லூரிக்குத் திரும்பிய அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்த ஜாக் மெசிரோ என்பவர் 1978-இல் விவரித்த உருமாற்றக் கல்வி இந்த ஜாதியைச் சேர்ந்தது: ஏதோ ஒன்று மனத்தைக் கலக்க, இதுவரை ஐயமின்றி நம்பியவற்றை மனிதன் எடுத்துப் பார்த்து, பிறரோடு பேசித் தெளிந்து, வேறு திருஷ்டியோடு நடக்கத் தொடங்குகிறான். லான்செட் பத்திரிகை கூட்டிய குழு 2010-இல், மருத்துவரும் செவிலியரும் பெற வேண்டிய கல்வியைச் செய்தியறிவு, தொழிற்பண்பு, உருமாற்றம் என்று மூன்று படிகளாக வகுத்து, இதை உச்சியில் வைத்தது.

கலங்குவதற்கு ஆஸ்பத்திரியில் பஞ்சமில்லை. மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று அதட்டிய மாணவன், மருந்து வாங்க வரும் நாளெல்லாம் கூலி போகிறது என்று நோயாளி சொன்னதும் வாயடைத்து நிற்கிறான். பாடம் தொடங்கும் இடம் அதுதான். ஆனால், உடன்வந்த பேராசிரியர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். அன்று மாலை கால் மணி நேரம் அவனோடு உட்கார்ந்து பேச ஒருவர் இல்லாவிடில், அந்த வாயடைப்பு நாளடைவில் மரத்துப்போய், அதையே தொழில் அனுபவம் என்று அவன் எண்ணிக்கொள்ளவும் கூடும்.

2019-இல் நடைமுறைக்கு வந்த இந்திய மருத்துவப் பாடத்திட்டம், மாணவர் தம் அனுபவத்தைத் திரும்பிப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடுதான், போன வருஷத்து அண்ணன்மாரின் பதிவேட்டைப் பார்த்து எழுதிய மனமாற்றத்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.