அந்தரத்தில் நிற்கும் லைட் ஷெல்ஃப்: மாட்டும் முன் சுவரைத் தட்டிப் பாருங்க!

பெரம்பலூர்:

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் புது வீடு கட்டுறவங்க பலருக்கும் இப்போ ஒரு ஆசை. கீழே தாங்கு கட்டையே தெரியாம சுவரில் அந்தரத்தில் நிற்கிற ஷெல்ஃப் வேணும். அடியில் எல்.இ.டி. லைட் எரியணும். சாமி படம், பித்தளை விளக்கு, பிள்ளைங்க ஸ்கூலில் வாங்கின கப் எல்லாம் அதில் பளபளன்னு நிற்கணும்.

அந்தக் காலத்து வீட்டில் விளக்கு வைக்க சுவரிலேயே மாடம் விட்டுக் கட்டினாங்க. அது விழ வழியே இல்லை. இப்போ மொத்த பாரமும் நாலு ஸ்க்ரூவில் தொங்குது. 2024-ல் அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டின் அளவே 360 சதுர அடிதான். இந்த மாதிரி சின்ன வீட்டில் ஷெல்ஃபுக்கு நேர் கீழேதான் பிள்ளைங்க பாய் போட்டுப் படுக்கும். கழன்றால் யார் மேல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே என்றால், வெளியே தெரியாத பிராக்கெட்டில்தான். ஒரு சின்ன தகடு, அதில் நீட்டின கம்பி. கம்பி பலகைக்குள் போய் மறைஞ்சிடும். 8 இஞ்ச் அகல ஷெல்ஃபின் ஓரத்தில் 10 கிலோ வைக்கிறீங்க. தகடு 2 இஞ்ச் உயரம் என்றால், மேல் ஸ்க்ரூக்களை சுவரில் இருந்து பிடுங்குற இழுவை சுமார் 40 கிலோ! அதே ஷெல்ஃபுக்கு 8 இஞ்ச் கீழே இறங்குற எல் ஆங்கிள் போட்டால் இழுவை சுமார் 10 கிலோதான். அழகு கொஞ்சம் குறையும். கனமான பித்தளை விளக்கு வைக்கிறவங்க எல் ஆங்கிளே போடுங்க.

அடுத்தது சுவர். இதுதான் முக்கியம். விரலை மடக்கித் தட்டுங்க. 'டொக் டொக்'னு கெட்டியா கேட்டால் செங்கல் அல்லது ஃபிளை ஆஷ் கல். 8 எம்.எம். பிளக் தாராளமா பிடிக்கும். ஆனால் மேல் பூச்சே அரை இஞ்சுக்கு மேல் இருக்கும். பூச்சில் மட்டும் உட்கார்ந்த பிளக் பூச்சோடு பெயர்ந்து வந்திடும். பிளக் முழுசும் கல்லுக்குள் போகணும். அதுக்கு இரண்டரை இஞ்ச் ஸ்க்ரூ வேணும். ஓட்டையில் உள்ள தூளை ஊதி எடுத்துட்டு அடிங்க.

'டம் டம்'னு கேட்டால் ஹாலோ பிளாக். உள்ளே வெற்றிடம். சாதா பிளக் அதில் சும்மா சுத்தும். ஒன்று, பிராக்கெட் வரும் இடத்தில் குழியைத் திறந்து ஜல்லி கலவை போட்டு அடைச்சு, ஒரு வாரம் தண்ணி தெளிச்சு ஆறவிட்டு மாட்டணும். இல்லாட்டி சுவரின் மறுபக்கம் வரை போல்ட் விட்டு, அங்கே தகடு வச்சு முறுக்கணும். வீடு கட்டும்போதே கொத்தனாரிடம் சொல்லிட்டால் அந்த வரிசையை அடைச்சே கட்டிடுவார், வேலை மிச்சம். பழைய மண் சுவரா? இந்த ஆசையே வேண்டாம். தரையில் நிற்கிற ஷெல்ஃப் வாங்குங்க.

இனி கரண்ட். சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலேயும் கீழேயும் பெரும்பாலும் சுவருக்குள் ஒயர் பைப் ஓடும். அந்தக் கோட்டில் ஓட்டை போடவே கூடாது. ட்ரில்லிங் மிஷின் 230 வோல்ட் ஒயரைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. ஷெல்ஃப் மாட்டுற ரூமின் எம்.சி.பி.யை இறக்கிட்டு, மிஷினுக்கு வேற ரூமில் இருந்து லைன் எடுங்க. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருந்தால் இன்னும் நல்லது.

லைட்டுக்கு 12 வோல்ட் ஸ்ட்ரிப் போதும். மீட்டருக்கு 10 வாட் ஸ்ட்ரிப் 2 மீட்டர் என்றால் 20 வாட். அதுக்கு 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் சரியா இருக்கும். அடாப்டரை பலகைக்குள் அடைச்சு மூடாதீங்க, சூடாகும். ஒரு ஷெல்ஃபுக்கு மேல் இன்னொரு லைட் ஷெல்ஃப் இருந்தால் கீழ்த்தட்டில் எண்ணெய் விளக்கு ஏற்றக் கூடாது. மேலே இருக்கிற ஒயரும் பிளைவுட்டும் கருகிடும்.

மாட்டி முடிச்சதும் ரசமட்டம் வச்சுப் பாருங்க. வைக்கப் போற பாரத்தைப் போல இரண்டு மடங்கு அரிசிப் பையை ஒரு நாள் முழுக்க ஏற்றி வைங்க. சுவருக்கும் பலகைக்கும் நடுவில் மேலே ஒரு நூல் இடைவெளி விழுந்தாலும் கழற்றி மறுபடி மாட்டுங்க. அதுவரை பாயை எதிர்ச்சுவர் பக்கம் போடுங்க.