கண்ணுக்குள் கரையும் மருந்து: பார்வை மீள்வது யாருக்கு?

புணே - நாசிக் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள போசரி, மோட்டார் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் சிறு தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி. பிம்ப்ரி - சிஞ்ச்வட் மாநகராட்சிக்கு உள்பட்ட இப்பகுதியில், லேத் இயந்திரத்தில் அளவு பார்க்கவும், வார்ப்பில் விழுந்த மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கவும் தொழிலாளியின் கண்ணே முதல் கருவி. சர்க்கரை நோய் விழித்திரையைத் தாக்கினால் பார்வையோடு வேலையும் பறிபோகும் அபாயம் அவருக்கு உண்டு. ஒசூரிலும் கோவையிலும் நிலைமை இதுவே.

சர்க்கரை நோய் நீடிக்கும்போது விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதடைந்து, அவற்றிலிருந்து நீர் கசிகிறது. எழுத்துகளையும் முகங்களையும் அடையாளம் காண உதவும் மையப் பகுதியான மாகுலாவில் அந்த நீர் தேங்கினால் வீக்கம் ஏற்பட்டுப் பார்வை மங்குகிறது. இதற்கு லேசர் சிகிச்சையும், ரத்தக் குழாய்க் கசிவைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் ஊசிகளும் உள்ளன. அந்த ஊசிகளைத் தொடக்கத்தில் மாதந்தோறும் போட வேண்டியிருக்கும். அவற்றுக்குப் போதிய பலன் கிடைக்காதவர்களுக்கும், அடிக்கடி மருத்துவமனைக்கு வர இயலாதவர்களுக்கும் மருத்துவர்கள் பரிசீலிக்கும் மற்றொரு வழிதான் ஸ்டீராய்டு மருந்தைக் கண்ணுக்குள் பொருத்துவது.

டெக்ஸாமெதசோன் மருந்து 0.7 மில்லி கிராம் அடங்கிய, சுமார் 6 மி.மீ. நீளமுள்ள மெல்லிய குச்சி ஊசி மூலம் கண்ணுக்குள் செலுத்தப்படுகிறது. அது சில மாதங்களில் தானாகவே கரைந்துவிடுவதால் வெளியே எடுக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோயால் ஏற்படும் மாகுலா வீக்கத்துக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014-இல் அனுமதி அளித்தது.

அந்த அனுமதிக்கு அடிப்படையாக அமைந்தது, 1,048 நோயாளிகளை மூன்றாண்டுகள் கண்காணித்த ஆய்வு. பார்வைப் பரிசோதனை அட்டையில் 15 எழுத்துகள், அதாவது மூன்று வரிகள், கூடுதலாகப் படிக்கும் அளவுக்கு முன்னேறியவர்கள் இம்மருந்து பெற்றோரில் 22.2 சதவீதம். மருந்தில்லாப் போலிச் சிகிச்சை பெற்றோரில் இது 12 சதவீதம். பலன் ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் ஐவரில் ஏறத்தாழ ஒருவருக்கே இந்த அளவு முன்னேற்றம் கிட்டியது என்பது கவனிக்கத்தக்கது.

வீக்கம் வடிந்தால் பார்வை திரும்பிவிடும் என்று நோயாளிகள் எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் இரண்டும் எப்போதும் ஒன்றாக நிகழ்வதில்லை. புரதத் தடுப்பு ஊசிக்குப் பின்னரும் வீக்கம் நீடித்த 129 கண்களில் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வு 2018-இல் வெளியானது. ஊசியுடன் ஸ்டீராய்டும் சேர்த்துப் பெற்ற கண்களில் வீக்கம் அதிகமாகக் குறைந்தது. பார்வையிலோ, ஊசி மட்டும் பெற்ற கண்களோடு ஒப்பிடுகையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நீண்ட காலம் நீர் தேங்கி விழித்திரையின் செல்கள் சிதைந்த பிறகு நீரை வடிப்பதால் மட்டும் அவை உயிர்பெறுவதில்லை.

பக்க விளைவுகளும் உண்டு. மூன்றாண்டு ஆய்வில், இயற்கை விழிவில்லை அகற்றப்படாத கண்களில் 67.9 சதவீதத்தில் கண்புரை தொடர்பான பாதிப்புகள் பதிவாயின. கண் அழுத்தம் உயர்வது அடுத்த சிக்கல். பெரும்பாலோருக்குச் சொட்டு மருந்திலேயே அது கட்டுப்படுகிறது. மிகச் சிலருக்கே அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. எனவே, கண்புரை அறுவை சிகிச்சை ஏற்கெனவே செய்துகொண்டவர்களுக்கு இம்முறை கூடுதலாகப் பொருந்துகிறது. முற்றிய கிளாகோமா நோயாளிகளுக்கும், கண்ணில் தொற்று உள்ளவர்களுக்கும் இதைப் பயன்படுத்தக் கூடாது.

ஒரு நாள் விடுப்புக்கு ஒரு நாள் ஊதியம் இழக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு, மாதந்தோறும் ஊசி என்பதைவிட மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒரு முறை என்பது பெரும் ஆறுதல். ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. மருந்தின் பலன் உச்சத்தில் இருக்கும் இரண்டாவது மாதத்தை ஒட்டியே கண் அழுத்தமும் உச்சத்தை அடைகிறது. பார்வை தெளிந்துவிட்டதே என்று அப்போது பரிசோதனைக்கு வராமல் இருந்தால், வலியோ அறிகுறியோ இன்றிப் பார்வை நரம்பு பாதிக்கப்படலாம்.

நாட்டின் நிலவரம் கவலைக்குரியது. எய்ம்ஸ் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம் 2015 முதல் 2019 வரை 21 மாவட்டங்களில் 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் நடத்திய தேசிய ஆய்வின்படி, சர்க்கரை நோயாளிகளில் 16.9 சதவீதத்தினருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. அந்நோயாளிகளில் 90 சதவீதத்தினர் அதற்கான பரிசோதனையை ஒருமுறைகூடச் செய்துகொண்டதில்லை. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது.

கண்ணுக்குள் போடும் ஊசி சிகிச்சையை மருத்துவக் காப்பீட்டிலிருந்து விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் அறிவுறுத்தியது. எனினும், அதற்கென உச்சவரம்பு நிர்ணயிக்க நிறுவனங்களுக்கு இடமளித்தது. 2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டமோ மருத்துவமனைச் சிகிச்சையை மையமாகக் கொண்டது. புறநோயாளிப் பரிசோதனைகளுக்கானது அல்ல.

சர்க்கரை நோய் சிகிச்சை பெறும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை, மருந்து பொருத்தப்பட்டவர்களுக்கு ஊதிய இழப்பின்றிக் கண் அழுத்தப் பரிசோதனை: தொழிற்பேட்டைகளில் இவ்விரண்டையும் உறுதிசெய்யும் பொறுப்பு அரசுக்கும் ஆலை நிர்வாகங்களுக்கும் உண்டு. அவை நடைபெறாதவரை, விலை உயர்ந்த இந்த மருந்து காலம் கடந்து வருவோரின் கண்களிலேயே கரைந்துகொண்டிருக்கும்.